இன்பசேகரன் வீட்டுத் தனி லைன்

பாட்டே போடாமல், ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கக்கூடிய மனுஷர் ஆம்பூரில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அவர் இன்பசேகரன். டேனரியில் பச்சைத்தோல் கோடவுனுக்கு இன்சார்ஜ். சம்பளம் கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. அவர் வீட்டு முன்னறையில் பாதியை ஓர் ஆம்ப்ளிஃபயரும், ஒரு கேசட் டெக்கும், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் குடும்பம் நடந்தது.

அந்த செட்டில் ஒரே ஒரு குறை. சுவிட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். பாட்டு ஓடினாலும் ம்ம்ம், நின்றாலும் ம்ம்ம். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபேன் சத்தமென்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இன்பசேகரனுக்கு மட்டும் அது பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நார். நாக்கு அங்கேயேதான் போய் நின்றது.

வெறும் இரைச்சலென்றால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். நடுவில் கிருபாவின் கேசட் அல்லவா மாட்டிக்கொண்டது!

கிருபா அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் என்பதால் தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷம் பாடியவள். 1998 பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தைப் பிரசங்கம் முடிந்ததும், அவள் தனியாக நின்று மூன்று சரணமுள்ள ஒரு கீர்த்தனை பாடினாள். டேனரியில் ஸ்டோர் பார்க்கும் ஜியாவுதீனிடமிருந்து பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்து அதைப் பதிவு செய்தது இன்பசேகரன்தான்.

ஜூலையில் கிருபாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது. கூடவே பாட்டும் போனது. பேச முடிந்தது, திட்ட முடிந்தது, மேல் ஸ்தாயிக்குப் போனால் வெறும் காற்றுதான் வந்தது. நாலு மாதம் பார்த்துவிட்டு, பாடகர் குழுவின் அங்கியைத் தானே துவைத்து இஸ்திரி போட்டு சர்ச்சில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். வந்து அடுப்படியில் நின்றுகொண்டு அழுதாள். இன்பசேகரனுக்கு அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "கேசட் இருக்குது இல்ல?" என்றார்.

"அப்ப போடுங்க. நான் இன்னும் ஒரு தடவகூட கேக்கல."

போட்டார். ஆர்கன் வாசிப்பு தொடங்கிப் பத்து விநாடிகூட ஆகவில்லை, அவரே படக்கென்று நிறுத்தினார்.

"இன்னாங்க?"

"இந்த இரைச்சலோடயா உன் கொரல கேக்கறது? ச்சே! ஒரு வாரம் டைம் குடு. இத ஒழிச்சுட்டு, சுத்தமா கேக்க வைக்கிறேன்."

"நான் இரைச்சலோடயே கேக்கறேன். இல்லாட்டி ஜியா பாய் ரெக்கார்டர்லயாவது போடுங்க."

"அது போன மாசம் ஒரு கேசட்ட மென்னு துப்பிடுச்சு. இருக்கறது ஒண்ணே ஒண்ணு. குடுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து பிடித்தது சனியன். முதல் நாள் ஃப்ரிட்ஜைப் பிடுங்கிப் பார்த்தார். இரைச்சல் போகவில்லை, பால் திரிந்தது. ட்யூப் லைட்டை அணைத்து, ஃபேனை நிறுத்தி, டிவி பிளக்கைப் பிடுங்கி, கிருபாவைப் புழுக்கத்தில் உட்காரவைத்து, "இப்ப கொறஞ்சிருக்கா? கொஞ்சமாவது கொறஞ்சிருக்கா?" என்று கேட்டார். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தவள் என்ன சொல்வாள்? கொறஞ்சிருக்கு என்றாள். அவர் நம்பவில்லை.

நவம்பர் கடைசியில்தான் அவருக்கு அந்த ஞானம் பிறந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காகப் பன்னிரண்டரைக்கு டேனரியை நிறுத்தினால் இரண்டரைக்குத்தான் மறுபடி ஓட்டுவார்கள். இன்பசேகரன் அந்த இடைவெளியில் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அன்று சாப்பிட்டுவிட்டு, கை ஈரம்கூடக் காயாமல் செட்டைப் போட்டார். இரைச்சல் இல்லை! காதை ஒட்டிவைத்தார். சுத்தமாக இல்லை. இரண்டு மணிக்கு மேல் 'ம்ம்ம்' என்று திரும்பி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும்.

"ஜியா பாய், கண்டுபுடிச்சுட்டேன்!" என்று ஸ்டோருக்குள் ஓடினார். "ஊர் பூரா டேனரி. ஒவ்வொண்ணுலயும் தோலு ஊறப்போட எத்தன டிரம்மு சுத்துது? ஒரு டிரம்முக்கு ஒரு மோட்டாரு. அவ்ளோ மோட்டாரும் நம்ம கரண்ட்ல குப்பையக் கொட்டுது. ஜும்மாவுக்கு நிறுத்தறாங்க, இரைச்சலும் நிக்குது."

ஜியாவுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரே இன்பா, அப்ப சிஸ்டர் பாட்டு கேக்கறதுக்காக ஊர்ல தோலு பதனிடறத நிறுத்தச் சொல்றியா?"

"மொதலாளிகிட்ட பேசிப் பாக்கலாமா?"

"பேசேன். பேசிட்டு அப்படியே கேட்டாண்ட செருப்ப மாட்டிக்கினு வீட்டுக்குப் போய்டு, திரும்பி வர வேணாம்."

வீட்டில் இந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டதும் கிருபா ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்த்தாள். "அப்ப வர்ற வெள்ளிக்கிழம லீவு போடறேன். மத்தியானம் ஒரு மணிக்கு கேக்கலாம்."

நியாயமான பேச்சு. புத்தியுள்ள எந்தப் புருஷனும் சரியென்றிருப்பான். இவரோ, "வாரத்துல ஒண்ணர மணி நேரம் மட்டும் கேக்கறதுக்கு இது இன்னா ரேஷன் கடையா? எந்நேரம் போட்டாலும் சுத்தமா கேக்கணும்" என்றார்.

கிருபா தட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு என் பாட்டு வேணாங்க. இரைச்சல்தான் வேணும். அதத்தான் உக்காந்து உக்காந்து கேக்கறீங்க." "ஜனவரி இருபது நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். அன்னிக்கு இரைச்சல் இருந்தாலும் சரி, உங்க செட்டு பத்திக்கினு எரிஞ்சாலும் சரி, நானே கேசட்ட போட்டுடுவேன். அதுக்கு மேல அத தொட உங்கள வுட மாட்டேன்."

சுருக்கென்று பட்டது இன்பசேகரனுக்கு. பட்டு என்ன பிரயோஜனம்? மறுநாளே எலக்ட்ரீஷியன் கோபி வீட்டுக்குப் போய் நின்றார். கோபி பேச்சைக் கேட்டாலே ஒயர்கள் தானாக நேராகிவிடும் என்று ஊரில் பெயர். அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரு டெஸ்டரால் நாலு இடத்தில் தொட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"தனி லைன் இழுத்துடலாம் சார். மீட்டர்லேருந்து நேரா உங்க செட்டுக்கு. நடுவுல ஃப்ரிட்ஜ் கெடையாது, மிக்சி கெடையாது. தனியா எர்த்தும் போட்டுக் குடுத்துடறேன். காம்பவுண்டு ஓரமா ஆறடிக்குக் குழி. ரெண்டு மூட்டை அடுப்புக்கரி, ரெண்டு மூட்டை கல்லுப்பு வாங்கிப் போட்டுடுங்க."

"உப்பா? உப்புக்கு எதுக்குக் கடைக்குப் போகணும்?" என்றார் இன்பசேகரன்.

பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கோடவுனுக்கு வரும். வந்ததும் தோலை உதறினால் உப்பு கொட்டும். அவர் கோடவுனுக்குப் பின்னால் அது மலையாகக் குவிந்து கிடந்தது. கேட்பாரில்லை. அதில் நாலு மூட்டை கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு வருஷமாக அந்த உப்போடு புழங்கிய மூக்கு அது. அதற்கு இனி எந்த வாசனையும் தெரியப்போவதில்லை.

டியூட்டி முடிந்து வந்த கிருபா கேட்டருகிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இன்னாங்க இது? மார்ச்சுவரில கூட இப்படி நாத்தம் வராது!"

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலியே. கோபி, உனக்குத் தெரியுதா?"

கோபி மூச்சை அடக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று இன்பசேகரன் கவனிக்கவில்லை. குழியில் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று போட்டு மூடினார்கள். சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்த டிவி கேபிள் ஒயரும் மண்ணோடு சேர்ந்து பாதி புதைந்தது. அதை யார் பார்த்தார்கள்?

புது லைனில் செட்டை மாட்டி, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, சுவிட்சைப் போட்டார் இன்பசேகரன்.

ம்ம்ம்.

பழைய இரைச்சல்தான். ஒரு பொட்டுக் குறையவில்லை. இன்பசேகரனுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபி அசரவில்லை. "எர்த்து இன்னும் ஊறல சார். டெய்லி ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க. ஊற ஊறப் புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டார்.

இரண்டு என்ன, ஆறு குடம் ஊற்றினார். காய்ந்து கிடந்த நாற்றம் ஈரம் பட்டதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் ஒரு நாய் வந்தது. மறுநாள் ஐந்து வந்தன. அந்த வாரக் கடைசியில் தெருவில் உள்ளவை, பக்கத்துத் தெருவில் உள்ளவை, யாரும் பார்த்தேயிராதவை என்று ஒரு மாநாடே கூடிவிட்டது. எல்லாம் குழியைச் சுற்றி உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இன்பசேகரனையே பார்த்தன. அவர் குச்சியை எடுத்தால் எழுந்து நின்றன, குச்சியை வைத்தால் உட்கார்ந்தன. "சிஸ்டர் வீட்ல இன்னா புதைச்சுக்கீறாங்க?" என்று தெருவில் பேச்சு கிளம்பி, கிருபா தலைகுனிந்து டியூட்டிக்குப் போகவேண்டியதாயிற்று. வீட்டில் அவள் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஜனவரி இருபதாம் தேதி காலை, கிருபா டியூட்டிக்குப் போன பிறகு, லீவு போட்டிருந்த இன்பசேகரன் பின்பக்கம் போய்ப் பார்த்தார். குழி பாதிக்கு மேல் தோண்டப்பட்டிருந்தது. கரியும் மண்ணும் வாசல்வரை இறைந்து கிடந்தன. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாரிப்போட்டு, மேலே உடைந்த துணி துவைக்கும் கல் ஒன்றை உருட்டி வைத்தார். இன்றைக்கு எப்படியும் இரைச்சலோடுதான் அவள் கேட்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே! உள்ளே போய் எந்த நம்பிக்கையும் இல்லாமல் சுவிட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை.

செட் எரிந்துபோய்விட்டதோ என்று பயந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வால்யூமைக் கடைசிவரை திருப்பினார். ஸ்பீக்கரில் காதை வைத்தார். மணி பத்து, கிழமை புதன், ஊரில் உள்ள அத்தனை டிரம்மும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவர் வீட்டில் இரைச்சல் இல்லை! "ஸ்தோத்திரம்!" என்று கத்தியதில் வெளியே இருந்த நாய்கள் குரைத்தன. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஜியாவுதீனுக்குப் போன் போட்டார். கோபி வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயங்காலம் கேக் வெட்டி முடிந்தது. இன்பசேகரன் எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டார். வந்திருந்தது ஜியாவுதீனும் கோபியும் இரண்டு பேர்தான். பேச்சோ சர்ச் ஆண்டுவிழாவுக்குப் போதுமானது. சுத்தமான கரண்ட் என்றால் என்ன, அசுத்தமான கரண்ட் என்றால் என்ன, தனி லைன் இல்லாதவர்கள் எல்லாம் பாட்டு என்ற பெயரில் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று விளாசித் தள்ளினார். கிருபா பட்டுப்புடவையில் உட்கார்ந்து கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா, போடு" என்றார் ஜியாவுதீன்.

இன்பசேகரன் பட்டனில் விரல் வைக்கும் நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது. கேபிள் டிவி நடத்தும் ஆபித் பாஷா. "சார், உங்க லைன்ல காலைலேருந்து நாலு வீட்ல படம் வரல. போன் மேல போன், ஒரே பேஜாரு. பாத்தா உங்க காம்பவுண்டாண்ட நாய்ங்க ஒயர மென்னு வெச்சுக்கீதுங்க. இப்பதான் ஜாயின்ட் போட்டேன், பையன் கம்பத்துல பெட்டிய ஆன் பண்றான். உங்க டிவில படம் வருதான்னு பாத்துக்கட்டுமா?"

அவர் உள்ளே காலெடுத்து வைக்கும்போது ஸ்பீக்கரில் கேட்டது.

ம்ம்ம்.

"எந்த டேனரிடா அது!" என்று இன்பசேகரன் அலறினார்.

கோபி மட்டும் ஆபித் பாஷாவை ஒரு பார்வை, ஸ்பீக்கரை ஒரு பார்வை பார்த்தார். மெதுவாக எழுந்து டிவிக்குப் பின்னால் கையை விட்டு, கேபிள் பின்னைப் பிடுங்கினார். இரைச்சல் நின்றது. சொருகினார். வந்தது. பிடுங்கினார். நின்றது. செய்திகளைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்கவேண்டும் என்று இன்பசேகரன் டிவியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து மூன்று வருஷம் ஆகிறது. தெருக்கம்பத்துப் பெட்டியிலிருந்து வந்த இரைச்சல் கேபிள் ஒயர் வழியாக டிவிக்குள் இறங்கி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குள் குடியேறியிருந்தது. டிவி பிளக்கைப் பிடுங்கிப் பார்த்த மனுஷர் இந்த ஒயரைத் தொட்டதே இல்லை.

"ஏன்பா ஆபித்," என்றார் ஜியாவுதீன் நிதானமாக, "ஜும்மா நேரத்துல உன் கேபிளு ஓடுமா?"

"எங்க பாய் ஓடும்? நானே மசூதிக்குப் போய்டறேன். மெயின ஆஃப் பண்ணிப் பூட்டிட்டுத்தான் போவேன்."

ஜியாவுதீன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தனி லைனு! நாலு மூட்டை உப்பு! யா அல்லா, மொதலாளிகிட்ட பேசறேன்னியேப்பா!" கோபியின் பார்வை தரையைவிட்டு மேலே வரவில்லை. இன்பசேகரன் பிடுங்கிப்போட்ட கேபிள் பின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் சும்மா இருங்க" என்றாள் கிருபா. எழுந்து போய் அவளே பட்டனை அழுத்தினாள்.

ஆர்கன் எழுந்தது. பிறகு அவள் குரல். ஆபித் பாஷா கையிலிருந்த கட்டிங் பிளேயரை மெதுவாக ஜன்னலில் வைத்தார். கிருபா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னிடம் இருந்தது இதுதானா, இவ்வளவா என்று அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. முதல் சரணம் முடிந்து, ஆர்கன் ஓய்ந்து, ஒரு மூச்சு இடைவெளி வந்தது.

கொர்ர்ர்.

இன்பசேகரன் துள்ளி எழுந்து டிவி பக்கம் ஓடினார். கேபிள் பின் வெளியேதான் கிடந்தது. இரண்டாம் சரணம் நடுவிலும் வந்தது. கொர்ர்ர், ஃபூ. கொர்ர்ர், ஃபூ.

"உக்காரு இன்பா," என்றார் ஜியாவுதீன், "இது கரண்டு இல்ல."

கோபி தொழில் மரியாதையோடு காதைக் கொடுத்துக் கேட்டார். "மைக்குக்கு ரொம்ப கிட்ட இருக்குது சார். அரை அடிதான் இருக்கும்."

மும்மணி நேர ஆராதனை, ஏப்ரல் வெயில், காலையிலிருந்து உபவாசம், முதல் பெஞ்ச், மடியில் ரெக்கார்டர். இரைச்சலுக்குப் பயந்து யாரும் முழுசாகப் போட்டுக் கேட்காத கேசட்டில், இத்தனை மாதமும் அந்தக் குறட்டை போர்வை போர்த்திப் படுத்துக் கிடந்திருக்கிறது. கேசட் முடிந்து தானாக நின்றது. ஜியாவுதீன் கண்ணைக் காட்ட, மற்ற இருவரும் ஆளுக்கொரு கேக் துண்டோடு அவர் பின்னாலேயே நழுவினார்கள்.

"நான் பாடறப்ப தூங்கினீங்களா?" என்றாள் கிருபா.

"மூணு மணி நேரம்... வெயிலு..." இன்பசேகரன் எழுந்து டெக் பக்கம் போனார். "கிருபா, மெட்ராஸ்ல இத எடுக்கறதுக்கு ஒரு மெஷினு இருக்குதாம். குறட்டைய மட்டும் தனியா..."

"கேசட்ட தொட்டீங்கன்னா கைய ஒடிச்சுடுவேன்." அவள் ரீவைண்ட் பட்டனை அழுத்தினாள். அவர் நாற்காலியை ஸ்பீக்கருக்கு எதிரே இழுத்துப் போட்டாள். தன் நாற்காலியை அவருக்கு எதிரே, முட்டி முட்டும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்ப கேளுங்க. நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பேன். கண்ணு மூடினீங்க, திரும்ப மொதல்லேருந்து போடுவேன்."

கேட்டார். இந்தத் தடவை ஸ்பீக்கர் துணியில் காதை வைக்கவில்லை. இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்று தேடவும் இல்லை. குறட்டை வந்தது, போனது. மூன்றாம் சரணத்தில் அவள் குரல் மேலே ஏறி, இன்னும் ஏறி, ஒரு இடத்தில் போய் நின்றது. இருபத்தைந்து வருஷம் கூடவே குடியிருந்த குரல். இவ்வளவு உயரம் போகும் என்று அவருக்குத் தெரியாது. எதிரே அந்தக் குரலைத் தொலைத்தவள் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்து அவர் மீசையில் இறங்கியது. துடைக்கப் பயந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடியப்போகிறது என்று தெரிந்ததும் இன்பசேகரன் வேண்டுமென்றே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.